படிக்கட்டு அடியிலிருந்து மோட்டார் ரூம் பின்னால்

எங்கள் வீட்டுவசதிச் சங்க லிஃப்டில் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: நாய்க்குச் சோறு வைத்தால் 500 ரூபாய் அபராதம். ஆறு வருடமாக வைப்பவள் நான்தான். அழுகையே வந்துவிட்டது.

2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளைத் தேடிப் படித்தேன். வளாகத்தில் வாழும் நாய்களுக்கு உணவு ஏற்பாடு செய்வது சங்கத்தின் பொறுப்பு என்கிறது 20ஆம் விதி. ஆனால் அதே விதி, மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து தள்ளி வைக்கவும் சொல்கிறது. நான் வைத்ததோ படிக்கட்டுக்கு அடியில், பழைய பேப்பரில். மிச்சச் சோற்றில் எறும்பு மொய்க்கும். கீழ்வீட்டு மாமி இருட்டில் அதை மிதித்திருக்கிறார். அவர் கோபம் நியாயம்தான்.

முதலில் மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் விதியின் நகலோடு செயலாளரைப் பார்த்தேன். "சார், இடத்தை நீங்களே காட்டுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் பேச்சே மாறிவிட்டது. ஒத்துவராவிட்டால் கால்நடை அதிகாரி, போலீஸ் தரப்பு உள்ள குழுவிடம் போகலாம் என்று விதியில் இருக்கிறது, அதுவரை போகவில்லை.

இப்போது மோட்டார் ரூம் பின்னால், இரவு பத்து மணிக்கு, அலுமினியத் தட்டில் வைக்கிறேன். கால் மணி நேரத்தில் கழுவி எடுத்துவிடுவேன். நாலு நாய்களுக்கும் கருத்தடை ஆகி, காது நுனியில் அடையாள வெட்டு இருக்கிறது. நோட்டீஸை செயலாளரே கிழித்துவிட்டார்.