பூனையின் நித்திரை: நம் வீடுகளில் விடுகின்ற தவறுகள்

மத்தியான வெயில் கொதிக்கும் நேரத்தில் திண்ணைச் சீமெந்தில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் பூனையைப் பார்த்து, "தின்பதும் படுப்பதும்தான் இதற்கு வேலை" என்று சொல்லாத வீடு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அபூர்வம். அதே பூனை விடிய நான்கரை மணிக்கு நுளம்புவலையைப் பிறாண்டி எழுப்பினால், "இதற்கு இரவு பகல் தெரியாதா" என்று ஏசுவதும் அதே வீடுதான். இரண்டுமே அநியாயமான குற்றச்சாட்டுகள். பூனையின் நித்திரையை மனிதரின் மணிக்கூட்டால் அளக்கிறோம். மற்றத் தவறுகள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. அவற்றுள் சில பூனையின் உயிரையே வாங்கிவிடும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வளர்ந்த, சுகமான பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்கும். குட்டிகளும் வயதான பூனைகளும் 20 மணி நேரம்கூட உறங்கலாம். ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சில் அல்ல. துண்டு துண்டாக, பகலும் இரவும் பரவி அந்த நித்திரை நடக்கிறது. அதில் பெரும்பகுதி அரைத் தூக்கம். வாசலில் மீன் வியாபாரியின் ஹோன் கேட்கும்போது கவனித்துப் பாருங்கள். உடம்பு அசையாது, கண் திறக்காது. ஒரு காது மாத்திரம் சத்தம் வந்த திசைக்குத் திரும்பும். வந்திருப்பது சூடை மீனா கீரி மீனா என்பது தெரிந்த பிறகுதான் முழு உடம்பும் எழும்பும். இதைச் சோம்பல் என்பது தகாது. பதுங்கிப் பாய்ந்து வேட்டையாடும் விலங்குக்கு அந்தச் சில நொடிப் பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தியைச் சேமிக்கும் வழி இது. மனிதரை அண்டி வாழத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும், கிண்ணத்தில் சோறும் மீனும் கிடைத்தும், அந்த உடம்பு வேட்டைக்காரனின் உடம்பாகவே இருக்கிறது.

பூனை இரவு முழுக்க விழித்திருக்கும் விலங்கு என்பதும் பொதுவான ஒரு தப்பெண்ணம். அது அதிகம் துடிப்பாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்பும் பொழுது சாயும் வேளையிலும். எலியும் சிறு பறவையும் நடமாடும் நேரம் அதுதான். நம் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. சூரியன் எப்போதும் ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான் உதிக்கிறது. அதனால் நம் பூனைகளின் உள்கடிகாரமும் ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. சுபஹுத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும் முன்பே காத்தான்குடிப் பூனை எழும்பி நடக்கிறது என்றால், அது தன் இயல்புப்படியே நடக்கிறது.

விடியற்காலைக் கத்தலும் நாம் பழக்கும் பழக்கமும்

இந்த இடத்தில்தான் அதிகமான வீடுகள் சறுக்குகின்றன. பூனை கத்துகிறது, நித்திரை கலைகிறது, "இதைத் தின்றுவிட்டுப் போ" என்று ஒரு துண்டு மீனை எறிந்துவிட்டு மறுபடி படுக்கிறோம். பூனை அன்றே பாடம் படித்துவிடும்: கத்தினால் மீன் வரும். அடுத்த கிழமை நான்கு மணிக்குக் கத்தும், அதற்கடுத்த கிழமை மூன்றரைக்கு. அடிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் இதை நிறுத்தாது. நம் மேல் உள்ள நம்பிக்கையைத்தான் அழிக்கும். கதவைத் திறந்து வெளியே துரத்துவது இன்னும் மோசம். தெரு நாயும் விடியற்காலை வாகனங்களும் அங்கே காத்திருக்கின்றன.

செய்ய வேண்டியதை மாலையிலேயே தொடங்க வேண்டும். நாம் படுப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் கயிற்று நுனியில் ஒரு துணிமுடிச்சைக் கட்டி இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். ஓடட்டும், பதுங்கட்டும், கடைசியில் அதைப் பிடிக்கவும் விடுங்கள். பிடிக்கவே முடியாத விளையாட்டு பூனைக்குச் சலிப்பைத்தான் தரும். உடனே அன்றைய கடைசிச் சாப்பாட்டைக் கொடுங்கள். வேட்டை, உணவு, நக்கித் துப்புரவு செய்தல், நித்திரை என்பதுதான் பூனையின் இயற்கையான ஒழுங்கு. அதன்படி போனால் அது தானாகவே படுத்துவிடும். காலைச் சாப்பாட்டை நாம் எழும்பிய உடனே வைக்காமல் தேநீர் குடித்த பிறகு வைத்தால், நாம் எழும்புவதையும் சாப்பாட்டையும் பூனை ஒன்றாக முடிச்சுப் போடாது. கத்தலுக்குக் கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்கள் கத்தல் கூடத்தான் செய்யும். வீட்டில் ஒருவர் மனமிரங்கி ஒளித்துக் கொடுத்தாலும் எல்லாம் வீண். அம்மம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அவரிடம்தான் பூனைக்குச் செல்லம்.

கருத்தடை செய்யாத பூனை இரவில் ஊளையிடுவது வேறு விடயம். அது துணை தேடும் குரல். விளையாட்டாலோ சாப்பாட்டாலோ அடங்காது. கால்நடை வைத்தியரிடம் சத்திரசிகிச்சை செய்வதே வழி. இரவில் பால் வைத்தால் நன்றாக உறங்கும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுவது நல்லது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. வயிற்றோட்டத்தோடு அதற்கும் நித்திரையில்லை, நமக்கும் நித்திரையில்லை.

உறங்கும் பூனையைத் தொட்டு எழுப்புதல்

ஆழ்ந்த நித்திரையில் பூனையின் மீசை துடிக்கும், பாதங்கள் ஓடுவது போல் அசையும், சில வேளை வாயும் எதையோ மெல்லுவது போல் இயங்கும். பிள்ளைகள் இதைப் பார்த்து வலிப்பு என்று பயந்து பூனையை உலுக்குவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே என்ற ஆய்வாளர் 1959 அளவில் பூனைகளை வைத்தே இந்த நித்திரை நிலையை விளக்கினார். அப்போது மூளை விழித்திருப்பது போல் வேலை செய்யும், உடம்பின் தசைகள் மாத்திரம் தளர்ந்து கிடக்கும். அப்படித் தளரவைக்கும் மூளைப் பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது, பூனைகள் உறங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. மனிதரின் கனவு நித்திரையைப் பற்றிய அறிவும் அந்த ஆய்வுகளால் பெருகியது.

அந்த நிலையில் திடீரென்று தூக்கினால் பூனை தற்காப்புக்காகக் கடிக்கும் அல்லது கீறும். அது கோபமல்ல, திகைப்பு. எழுப்பியே ஆகவேண்டுமானால் சற்றுத் தள்ளி நின்று மெல்லப் பெயர் சொல்லி அழையுங்கள். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். நாய்க்கு மாத்திரம்தான் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி வேண்டும் என்று நினைப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்; பூனைக்கும் அது கட்டாயம். கைக்குழந்தை உறங்கும் ஏணையிலும் தொட்டிலிலும் பூனையைப் படுக்க விடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படுக்கும் இடம்

காசு கொடுத்து வாங்கிய மெத்தையில் படுக்காமல், துவைத்து மடித்து வைத்த மருதமுனைச் சாரத்தின் மேல் படுக்கிறது என்று மனம் வருந்தாதீர்கள். நம் வாசனை உள்ள துணி, முதுகுக்குப் பின்னால் ஒரு மறைவு, முடிந்தால் கொஞ்சம் உயரம்: பூனை தேடுவது இவற்றைத்தான். வெற்றுக் காட்போட் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சரித்து வைத்தால் போதும்.

நமக்கு வேர்க்கும் 30 பாகை செல்சியஸ் வெப்பம் பூனைக்கு இதமானது. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பூட்டிய அறை அடுப்பாகவே மாறிவிடும். வேலைக்குப் போகும்போது பூனையை அப்படி அடைத்துவிட்டுப் போகாதீர்கள். நாயைப் போல வாயைத் திறந்து இளைக்கும் பூனை ஆபத்தில் இருக்கிறது. மாரியில் நிலைமை தலைகீழ். சூடு தேடி முச்சக்கரவண்டி இயந்திரத்தின் பக்கத்திலும், விறகு அடுப்பின் சாம்பலிலும், சலவை இயந்திரத்துக்குள்ளும் போய்ச் சுருண்டுகொள்ளும். வண்டியை இயக்குமுன் தட்டிப் பாருங்கள், அடுப்பு மூட்டுமுன் குனிந்து பாருங்கள். அலுமாரியில் படுக்கிற பூனை என்றால் பூச்சி உருண்டைகளை அப்புறப்படுத்திவிடுங்கள். அவை பூனைக்கு நஞ்சு.

நோயை நித்திரை என்று எண்ணுதல்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பூனை தன் வேதனையை வெளிக்காட்டாது, படுத்துக்கொள்ளும். "எப்போதும் படுப்பதுதானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம். சுகமான பூனை உறங்கும்போது உடம்பு தளர்ந்திருக்கும்: சுருண்டோ, சரிந்தோ, வயிற்றைக் காட்டியோ கிடக்கும். சுகமில்லாத பூனை நான்கு கால்களையும் உடம்புக்குக் கீழே இறுக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணை அரைகுறையாக மூடி, கட்டிலுக்கு அடியில் போய்க் குந்தியிருக்கும். மயிரை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். குறுகுறு என்று சத்தமிடுகிறதே என்றும் ஆறுதல் அடைய முடியாது, வலியிலும் பூனை அப்படிச் சத்தமிடும்.

உறங்கும் பூனையின் மூச்சை எண்ணிப் பழகுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சாதாரண நித்திரையில் நிமிடத்துக்கு 30க்கு உள்ளேதான் இருக்கும். பல தடவை எண்ணியும் அதற்கு மேலே போனால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம். கடுவன் பூனை உறங்காமல் அடிக்கடி சிறுநீர் கழிக்கக் குந்தி, ஒன்றும் வராமல் முனகினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் படுத்தே கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து நிலைமை கைமீறும். வயதான பூனை திடீரென்று இரவெல்லாம் அலைந்து கத்தினால் தைரொயிட் சுரப்பி, இரத்த அழுத்தம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். கதிரையில் ஏறாமல் தரையிலேயே உறங்கத் தொடங்கினால் மூட்டுவலியாக இருக்கலாம். முதுமை என்று கைவிடாதீர்கள், அதற்கு வைத்தியம் உண்டு.

சோர்ந்து படுத்த பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணிப் பனடோல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரேயொரு குளிசை வளர்ந்த பூனையைக் கொன்றுவிடும். முரசு கபில நிறமாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசுவதும் இதே அளவு ஆபத்து. அவற்றுள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி பூனைக்கு வலிப்பை உண்டாக்கும்.

நம் மாவட்டங்களின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆட்டு வேலையே அதிகம். அதனால் பூனையைக் கொண்டுபோகிறபோது விபரங்களை நீங்களே ஆயத்தமாக வைத்திருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, வழமையாக எங்கே படுக்கும், இப்போது எங்கே படுக்கிறது, மூச்சு எத்தனை என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். வீட்டில் அது படுத்திருக்கும் விதத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். வைத்தியரின் மேசையில் எந்தப் பூனையும் பயத்தில் விறைத்து நிற்குமே தவிர, வீட்டில் படுத்ததைப் போலப் படுத்துக் காட்டாது. மூடியும் காற்றுத் துளையும் உள்ள பெட்டியில், அது வழமையாக உறங்கும் துணியையும் போட்டுக் கொண்டுபோங்கள்.