படுக்கையறைக்குப் பெயின்ட் வாங்கும் முன் பல்பைப் பாருங்கள்

பெயின்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டி, பிடித்த கட்டத்தில் விரலை வைத்து, "இதையே கொடுத்துருங்க" என்று வாங்கி வருவதுதான் நம் பக்கத்து வழக்கம். ஹாலுக்கு அது போதும். படுக்கையறைக்குப் போதாது, ஏனென்றால் அந்த அறையை நாம் பெரும்பாலும் பார்ப்பது ராத்திரி விளக்கிலும் விடியற்காலை அரை வெளிச்சத்திலும்தான். கடையிலோ பட்டப்பகலிலும் வெள்ளை எல்இடி பளீரென்று எரிந்துகொண்டிருக்கும். அதனால் நிறத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். அறை எந்தத் திசை, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது, உள்ளே என்ன பல்பு எரிகிறது. இது தெரிந்தாலே கார்டில் இருக்கிற முக்கால்வாசி நிறம் தானாகக் கழிந்துவிடும்.

திசையிலிருந்து ஆரம்பிப்போம். கோயமுத்தூரோ ஈரோடோ கரூரோ, பெரும்பாலான வீடுகளில் பெரிய படுக்கையறை கன்னி மூலையில்தான், அதாவது தென்மேற்கில். வாஸ்து சரியா தப்பா என்கிற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் அதன் விளைவு ஒன்று இருக்கிறது: மத்தியானத்துக்கு மேல் பொழுது சாய்கிற வரை அடிக்கிற வெயில் முழுக்க அந்த அறைக்குத்தான். சாயங்கால வெயிலில் மஞ்சளும் சிவப்பும் தூக்கலாக இருக்கும். அந்த அறையில் பீச், மாம்பழ மஞ்சள், கனகாம்பரம் என்று அடித்து வைத்தால் ஐந்து மணிக்கு உள்ளே நுழையும்போதே கண் கூசும். அங்கே சாம்பல் கலந்த பச்சை, சாம்பல் கலந்த நீலம், இல்லையென்றால் மோர் வெள்ளை போடுங்கள். வெயில் தன் பங்கு மஞ்சளைத் தானே சேர்த்துக்கொள்ளும். வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் கதை நேரெதிர். நேர் வெயில் அதிகம் வராது, வானத்து வெளிச்சம் மட்டும் வரும், அதில் லேசாக நீலம் ஓடும். அங்கே போய் நீலச் சாம்பலை அடித்தால் வருஷம் முழுக்க மூடாக்குப் போட்ட மாதிரியே இருக்கும், அதனால் கிரீம், வெளிறிய சந்தனம் பக்கம் போங்கள். கிழக்கு அறைக்குக் காலை வெயில் ஒன்பது, பத்து மணியோடு சரி, அப்புறம் அமைதியான வெளிச்சம்தான், எதுவும் பொருந்தும்.

வெளிர் நிறம் அடித்தால் அறை குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். உள்சுவர் நிறத்தால் சூடு குறையாது, சூடு வருவது மொட்டை மாடியிலிருந்தும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தும். கரூர், ஈரோடு வெயிலுக்குக் காசு செலவழிக்க வேண்டிய இடம் மாடியில் அடிக்கிற வெள்ளைப் பூச்சுதான்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில், ஜன்னலை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கிற அறையில் சுத்த வெள்ளை அடித்துப் பாருங்கள், காலை பத்து மணிக்குச் சுவரில் பச்சை ஓடும். வெயில் ஓலையில் பட்டு உள்ளே வரும்போது அதன் நிறத்தையும் கொண்டுவருகிறது. அந்த அறைக்கு மேலும் பச்சை வேண்டாம், லேசாகச் சிவப்பு ஓடுகிற வெள்ளையை அடித்தால் சமமாகிவிடும். செம்மண் வாசல் இருந்தால் உள்ளே காவிச் சாயல் வரும், பழைய சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் சுவரின் கீழ்ப்பாதி ரோஸ் அடிக்கும். டவுனில் வேறு தொல்லை: பக்கத்து வீட்டுக்காரர் வெளிச்சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தால் உங்கள் படுக்கையறைக்கும் அவர்தான் பாதி பெயின்டர். அவரோடு சண்டைக்குப் போக முடியாது, திரைச்சீலையை மாற்றிக்கொள்ளலாம். திரையும் அப்படித்தான், அரக்குத் திரை போட்டால் மத்தியானத் தூக்கத்தில் அறையே சிவந்து கிடக்கும். பழுப்பு வெள்ளை, சாம்பல் போன்ற திரைகள் சுவர் நிறத்தைக் கெடுக்காது.

சரி, பல்பு. அட்டைப் பெட்டியில் கெல்வின் எண் போட்டிருக்கும். 6500 என்றால் நீல வெள்ளை, நம் வீடுகளில் ரொம்பக் காலமாக எரிகிற டியூப்லைட் வெளிச்சம். 2700, 3000 என்றால் இளமஞ்சள், கடைக்காரரிடம் வார்ம் ஒயிட் என்று கேட்டால் எடுத்துத் தருவார். ராத்திரியில் பளிச்சென்ற நீல வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம், அதனால் படுக்கையறைக்கு எப்படியும் 3000 கெல்வினுக்குள் ஒரு விளக்கு வேண்டும். இப்போது இதைச் சுவரோடு சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கில் இளநீலம் பச்சைப் பக்கம் சாய்ந்து மங்கும், கிரீம் இன்னும் மஞ்சளாகும். நீல வெள்ளை விளக்கில் அதே கிரீம் ரத்தம் சுண்டின மாதிரி வெளிறிவிடும். பெயின்ட் அடித்து முடித்தபின் பல்பை மாற்றினால் இரண்டாம் முறை பெயின்ட் அடித்ததற்குச் சமம், ஆகவே பல்பை முதலில் மாற்றுங்கள், அதன்பிறகு கார்டைத் திறங்கள்.

எந்த நிறம் என்று கேட்டால், நீலம் தூக்கம் தரும், பச்சை மனசை அடக்கும் என்று சொல்வதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைத் தொந்தரவு செய்வது அதன் அழுத்தம்தான். பளீரென்ற நீலத்தைவிட மங்கலான மண் சிவப்பு அமைதியாக இருக்கும். கார்டில் இருக்கும் சின்னக் கட்டம் நாலு சுவரிலும் பரவும்போது ஒரு சுவர் இன்னொரு சுவரின் மேல் நிறத்தை வீசி, நினைத்ததைவிட ஒரு பங்கு அழுத்தமாகத்தான் வரும். அதனால் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே வரிசையில் அதைவிட வெளிறியதாகவும் சாம்பல் கலந்ததாகவும் இருக்கிற அடுத்ததை வாங்குங்கள். கடையில் அது சப்பென்று தெரியும். தெரியட்டும்.

இன்னொன்று, கட்டிலில் ஒருதரம் மல்லாந்து படுத்துப் பாருங்கள். கண்ணில் படுவது மேல் தளமும் கால்மாட்டுச் சுவரும்தான். தலைமாட்டுச் சுவர் நமக்குத் தெரியாது, அழுத்தமான நிறம் ஒன்று வேண்டும் என்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் அதை அங்கே கொடுத்துவிடுங்கள், அடர் பச்சையோ செங்கல் நிறமோ எதுவானாலும். மேல் தளத்துக்குப் பாலுக்கு மேல் வெள்ளையாக எதையும் அடிக்காதீர்கள், விளக்கைப் போட்டதும் கண்ணில் குத்தும். சுவர் நிறத்தையே கால் பங்கு அழுத்தத்தில் கலக்கித் தரச் சொன்னால் மெஷினில் கலக்கித் தருவார்கள், அல்லது மோர் வெள்ளை போதும்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை, இதை மட்டும் தவிர்க்காதீர்கள். பழைய சுவரிலேயே நாலு பட்டை இழுத்துப் பார்ப்பது வேலைக்கு ஆகாது, சுற்றிலும் இருக்கும் பழைய ரோஸ் கலர் கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டையோ பிளைவுட்டோ எடுத்து, ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெள்ளையாக விட்டு, நடுவில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்சன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர் பெயின்ட், ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்ததும் கொஞ்சம் அடர்வாகும். அதை அறையின் மூலையில் சாய்த்து வைத்து விடியலில் ஒருதரம், சாயங்கால வெயிலில் ஒருதரம், ராத்திரி அந்தப் புது பல்பில் ஒருதரம் பாருங்கள். பக்கத்தில் பெட்ஷீட்டையும் பிடித்துப் பாருங்கள். துணிக்குப் பெயின்ட் பொருத்துவது சுலபம், பெயின்டுக்குத் துணி தேடிச் சென்னிமலைக்கும் கரூருக்கும் அலைவதுதான் கஷ்டம். மூன்று நேரத்திலும் எரிச்சல் தராத நிறம் எதுவோ அதுதான் உங்களுக்கு.

பினிஷ் விஷயத்தில் மேட், அதாவது பளபளப்பு இல்லாதது எடுங்கள். பளபளப்பு எமல்சனில் டியூப்லைட் கோடாகப் பிரதிபலிக்கும், பட்டி பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் ராத்திரியில் நிழலாகத் தெரியும். மேட் பினிஷின் குறை கறை. நம் வீடுகளில் தலைமாட்டுச் சுவரில் தேங்காய் எண்ணெய் வட்டமாக ஏறியிருப்பதைப் பார்க்காதவர் உண்டா? அந்த ஒரு சுவருக்கு மட்டும் துடைக்கக்கூடிய, லேசான மினுக்கம் உள்ள எமல்சன் போடுங்கள், அங்கே அடர் நிறம் இருந்தால் இன்னும் நல்லது. டெக்ஸ்சர் டிசைன் வேண்டாம், தூசி உட்காரும்.

அளவைப் பெயின்டர் சொல்வதற்கு முன் நீங்களே போட்டுவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் சுமார் 390. பட்டியும் ப்ரைமரும் போட்ட சுவரில் ஒரு லிட்டர் எமல்சன் இரண்டு கோட்டுக்கு 120 சதுர அடி வாக்கில் வரும். நாலு லிட்டர் வாளி ஒன்று சுவருக்கு, ஒரு லிட்டர் மேல் தளத்துக்கு.

"ஒயிட் வாங்கிக் கொடுங்க, ஸ்டெயினர் ஊத்தி நானே கலக்கிக்கிறனுங்க" என்று, அதாவது நிறச்சாயத்தைக் கையால் கலக்கிக்கொள்வதாக, பெயின்டர் சொல்வார். "இல்லீங்கண்ணா, மெஷின்லயே கலக்கி வாங்கிக்கலாம்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். கையில் கலக்கிய நிறம் அடுத்த வருஷம் ஒரு கீறலை மறைக்கக்கூடத் திரும்ப வராது.

பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறியிருந்தால், உப்பு பூத்து உதிர்ந்தால், அதைச் சரிசெய்யாமல் எந்த நிறமும் நிற்காது, அது தனி வேலை. ஆடிக் காற்றில் ஆரம்பிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலை சுற்றுகிற பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் புழுதியைக் கொண்டுவந்து ஈரச் சுவரில் ஒட்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததெல்லாம் வீண். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் காய்வது இழுக்கும். தை பிறந்தபின் மாசி, பங்குனி வசதி. பொங்கலுக்கு முன்னால்தான் அடிப்போம் என்றால் மார்கழி முதல் வாரத்திலேயே பெயின்டரைப் பிடித்துவிட வேண்டும், கடைசி வாரத்தில் ஆள் கிடைக்காது. கதவு ஜன்னலுக்கு எனாமல் அடித்திருந்தால் வாடை போகும்வரை சில நாள் ஜன்னலைத் திறந்துபோட்டு ஹாலில் படுங்கள், குழந்தை இருக்கிற வீட்டில் கண்டிப்பாக.

கடைசியாக, வாளி மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரையும் எந்த பேஸ் (மெஷினில் நிறம் கலக்கும் முன் இருந்த அடிப்படைப் பெயின்ட்) என்பதையும் தேதியோடு பரண் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். மிச்சமிருக்கும் பெயின்டைச் சின்ன டப்பாவில் கழுத்துவரை ஊற்றி இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.