டர்பன் வீட்டில் கிளி: தேர்வும் பராமரிப்பும்

கிளி வாங்கலாம் என்று பேச்செடுத்த உடனே, "எந்தக் கிளி நன்றாகப் பேசும்?" என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழும். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொண்டு, "காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை நம் வீட்டில் யார் இருப்பார்கள்?" என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிளி கூட்டத்தோடு இரை தேடி, கூட்டத்தோடு அடையும் பறவை. கூண்டுக்கு வந்தபின் அதன் கூட்டம் நாம்தான். தாத்தாவும் பாட்டியும் பகல் முழுவதும் இருக்கிற, வருவோர் போவோர் நிறைந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீடு ஒன்றில் கலகலப்பாக வளரும் அதே கிளி, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிற வீட்டில் சில மாதங்களிலேயே ஓயாமல் கத்தத் தொடங்கலாம், அல்லது தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கி எறியத் தொடங்கலாம். இறகு பிடுங்கும் பழக்கம் வேரூன்றிவிட்டால் அதை மாற்றுவது மிகவும் கடினம்.

பகலில் ஆளில்லாத வீட்டுக்கு ஏற்றவை ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் ஒரு சோடி பட்ஜிகள். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள இச்சிறு பறவைகள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வாழும். காக்கட்டீல் சற்றுப் பெரியது. எண்பது முதல் நூறு கிராம். பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட இருக்கும். பேச்சைவிட அதற்குச் சீட்டியடிப்பது எளிது, குணமும் சாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நமீபியாவையும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கையும் தாயகமாகக் கொண்ட ரோஜாமுக லவ்பேர்ட் பார்க்க அழகு, ஆனால் அலகு கூர்மை, கோபமும் அதிகம்.

நம்மவர்கள் மனத்தில் கிளி என்றதும் தோன்றுவது, பூசையறைப் படத்தில் மீனாட்சியம்மன் கையில் அமர்ந்திருக்கும் பச்சைக்கிளிதான். இங்கு அதை ரிங்நெக் என்பார்கள். இந்தியாவுக்கும் சகாராவுக்குத் தெற்கே மேற்கிலிருந்து கிழக்காக நீளும் ஆப்பிரிக்க நிலப்பட்டைக்கும் உரிய இப்பறவை, டர்பனுக்கு உரியதன்று. மாலையில் நகரத்தின் மேல் கீச்சிட்டபடி பறக்கும் கூட்டங்கள் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும், நன்றாகப் பேசும். ஆனால் அதன் முதல் ஆண்டிலேயே ஒரு முரட்டுப் பருவம் வந்து, நேற்றுவரை தோளில் அமர்ந்த பறவை திடீரென்று சீறும், கடிக்கும். சில மாதங்கள் பொறுமையாக இருந்தால் அது அடங்கிவிடும். பலர் அந்தச் சமயத்தில்தான் கையால் தொடுவதையே நிறுத்திவிட்டுப் பறவையை இழக்கிறார்கள். ஆணுக்குக் கழுத்து வளையம் முழுமையாகத் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், குஞ்சைக் காட்டி "இது ஆண்தான்" என்று விற்பவர் சொன்னால் மரபணுச் சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்நாட்டில் அது எளிதில் கிடைக்கிறது. கூண்டில் அதைப் பெருக்கி ஏற்றுமதி செய்யும் நாடுகளில் தென்னாப்பிரிக்கா முன்னணியில் உள்ளது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977இல் சிகாகோவின் கடை ஒன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007இல் இறப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்றதோடு, நிறம், வடிவம், ஆறுவரையான எண்ணிக்கை ஆகியவற்றைப் பிரித்தறிந்து சொன்னது. அவ்வளவு கூர்மையான மனம் கொண்ட ஒரு உயிரை நாள் முழுவதும் ஒரு கம்பியில் உட்கார வைப்பது கொடுமை. நாற்பது முதல் அறுபது ஆண்டுகள்வரை வாழக்கூடியது. எனவே ஐம்பது வயதில் வாங்குகிறவர் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவே வாங்குகிறார். இறகிலிருந்து உதிரும் வெண்பொடி மேசையிலும் திரைச்சீலையிலும் படியும் என்பதால் ஆஸ்துமா உள்ள வீட்டில் இது வேண்டாம்.

காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதால் இந்த இனம் பெரிதும் அழிந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் மாநாடு, 2016இல் ஜொகன்னஸ்பர்க்கில் கூடி, அதைப் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலுக்கு மாற்றியது. ஆகவே வாங்கும்போது காலில் இணைப்பில்லாத மூடிய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சின் பாதம் சிறிதாக இருக்கும் சில வார வயதில் மட்டுமே அத்தகைய வளையத்தை மாட்ட முடியும் என்பதால், வளர்ந்தபின் பிடிபட்ட பறவைக்கு அது இருக்காது. வளைய எண்ணும், விற்பவர் தரும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த இனத்துக்கு என்ன உரிமம் தேவை என்பதைக் டர்பன் அமைந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இந்நாட்டுக்கே உரிய கேப் கிளி, இம்மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலும் கிழக்கு கேப் மாகாணத்திலும் உள்ள மலைக்காடுகளில் மஞ்சள்மரக் கொட்டைகளைத் தின்று வாழும் அரிய பறவை. யாராவது அதை மலிவாகத் தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள்.

பறவையைத் தேர்ந்தெடுக்கச் செல்லும்போது கூண்டின் எதிரே கால் மணி நேரமாவது அசையாமல் நின்று பாருங்கள். நோயுள்ள கிளி ஆளைக் கண்டதும் நோயில்லாததுபோல் நிமிர்ந்து உட்காரும். சற்று நேரம் கழித்துத்தான் இறகு உப்பும், கண் சொருகும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும். மூக்குத் துளைகள் உலர்ந்தும், ஆசனவாயைச் சுற்றிய இறகுகள் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கையில் எடுக்க அனுமதித்தால் மார்பின் நடு எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். இருபுறமும் தசை நிறைந்திருந்தால் நலம், எலும்பு கத்திமுனைபோல் துருத்தினால் அந்தப் பறவை மெலிந்துவிட்டது. கையால் ஊட்ட வேண்டிய குஞ்சை "உங்களோடு ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லி விற்பார்கள், அதை ஏற்காதீர்கள். உணவின் சூடு சற்று மிகுந்தால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துபோகும், சற்று வேகமாக ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். தானாகவே கொறித்துத் தின்னப் பழகிய பறவையும் அன்பாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதை ஒரு மாதத்துக்குக் குறையாமல் வேறு அறையில் வைத்திருங்கள். அலகையும் இறகையும் அழிக்கும் வைரஸ் நோய், உலர்ந்த எச்சத்தின் தூசியிலும் இறகுப் பொடியிலும் பரவும். கேப் கிளிகளையும் அந்நோய் தாக்கியிருப்பதால், வளர்க்க முடியாமல் போன கிளியை ஒருபோதும் வெளியே பறக்கவிடக் கூடாது.

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பதே முக்கியம். சாம்பல் கிளிக்கு அகலம் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கம்பிகளின் இடைவெளி பட்ஜிக்கு 1.2 செ.மீ.க்கு மேலும், பெரிய கிளிக்கு 2.5 செ.மீ.க்கு மேலும் போனால் தலை சிக்கும். துத்தநாகம் பூசிய மலிவான வலையை அலகால் சுரண்டித் தின்றால் நஞ்சாகும். கடையில் தரும் வழவழப்பான குச்சிகளுக்குப் பதிலாக, மருந்து தெளிக்காத கொய்யாக் கிளைகளைப் பல தடிமனில் வெட்டி வைத்தால் பாதத்துக்கும் நல்லது, பட்டையை உரித்துப் பொழுதும் போக்கும். அடியில் வெறும் செய்தித்தாள் போதும்; அதில்தான் எச்சத்தைத் தெளிவாகப் பார்க்க முடியும். வராந்தாவில் கூண்டைத் தனியே விட்டுவிடாதீர்கள்: வெர்வெட் குரங்குகள் கம்பிக்குள் கைவிட்டு இழுத்துவிடும்.

காற்று விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில், இடைவிடாமல் செல்வதால் நல்ல காற்றைப்போலவே நச்சுக் காற்றையும் அது நம்மைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் காலியாகக் காய்ந்து 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதிலிருந்து எழும் மணமில்லாத வாயு அடுத்த அறையிலுள்ள கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கிளி உள்ள வீட்டில் இரும்புக்கல்லே இருக்கட்டும். சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்தி ஆகியவற்றை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கூண்டு பூசையறைக்கு அருகில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைப் புகை போடும்போது பறவை வேறு அறையில், கதவு சாத்தி இருக்க வேண்டும். வெளியில் கரியில் இறைச்சி சுடும் பிராய் புகைக்கும், ஜொகன்னஸ்பர்க் குளிரில் மூட்டும் பாரஃபின் ஹீட்டருக்கும் இதே விதிதான். தீபாவளி இரவிலும் கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5இன் வெடிச்சத்தத்திலும் கிளிகள், குறிப்பாகக் காக்கட்டீல்கள், இருட்டில் அஞ்சிக் கூண்டில் மோதிச் சிறகை முறித்துக்கொள்வதுண்டு. அன்று சன்னலை மூடி, கூண்டின் மூன்று பக்கமும் துணி போட்டு, மங்கலான விளக்கொன்றை எரியவிடுங்கள். மற்ற நாட்களில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும் என்பதால், தொலைக்காட்சி இருக்கும் கூடத்தில் இரவுக் கூண்டை வைக்காதீர்கள்.

சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வளரும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் வாயும் புண்ணாகும். சாம்பல் கிளிக்குக் கால்சியமும் குறைந்து வலிப்பே வரலாம். உணவில் பாதிக்கு மேல் நல்ல பெல்லட்டும் (கிளிக்கென்றே தயாரித்த உருண்டைத் தீனி), மீதியில் பெரும்பகுதி காய்கறியும் கீரையும், விதை பரிசாக மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் முருங்கை வைத்திருக்கும் வீட்டாருக்கு இது எளிது: முருங்கைக்கீரை, பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி, முளைகட்டிய பச்சைப்பயறு எல்லாமே தரலாம். பச்சை மிளகாயைக்கூடத் தரலாம். அதன் காரம் பறவைக்கு உறைக்காது. கால்சியத்துக்குக் கணவாய் ஓடு தொங்கவிடலாம். டர்பன் கோடையின் புழுக்கத்தில் நனைந்த உணவு விரைவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நம் தோட்டங்களில் தாராளமாகக் காய்க்கும் அவகாடோ கிளிக்குக் கொடிய நஞ்சு. சதை, தோல், கொட்டை, இலை, கிளை எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். சாக்லேட், காப்பி, தேநீர், மது, வெங்காயம், உப்பும் எண்ணெயும் சேர்ந்த குழம்புச்சோறு ஆகியவையும் வேண்டாம்.

பழக்குவதற்கு அவசரம் உதவாது. முதல் சில நாட்கள் கூண்டருகே உட்கார்ந்து, நேராக உற்றுப் பார்க்காமல், செய்தித்தாளையோ பாசுரத்தையோ மெல்லிய குரலில் வாசியுங்கள். பறவை இறகை உடலோடு ஒட்டி ஒல்லியாகி, உங்களிடமிருந்து சாய்ந்து நின்றால் அச்சம். ஒரு காலைத் தூக்கி வயிற்றில் புதைத்து, அலகை மெல்ல அரைத்தபடி நின்றால் நிம்மதி. நிம்மதி வந்தபின், ஒரு பாதாம் துண்டைக் கரண்டியில் நீட்டுங்கள். ரிங்நெக் முதலில் கழுத்தை நீட்டும், கண்ணின் வெளிர்வளையத்துக்குள் கருமணி சட்டென்று சுருங்கி விரியும், துண்டைக் கவ்விக்கொண்டு பின்வாங்கும். ஒரு நாள் வாங்கிய இடத்திலேயே நின்று, காலால் பிடித்துத் தின்னும். அன்றிலிருந்து கரண்டிக்குப் பதில் விரல். அடுத்து, கால்களுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் விரலை மென்மையாக வைத்து "ஏறு" என்று ஒரே குரலில் சொல்லுங்கள். ஏறியதும் பரிசு, உடனே இறக்கிவிடுதல். உணவுக்கு முன், ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடித்தால் கத்தாதீர்கள், கையை உதறாதீர்கள். கத்துவது கிளிக்கு வேடிக்கை, உதறுவது அச்சம். சத்தமின்றி இறக்கிவிட்டுச் சற்று நேரம் திரும்பிக்கொண்டால் போதும். பேச்சும் இவ்வாறே: நீங்கள் உள்ளே வரும்போதெல்லாம் உற்சாகமாக "வணக்கம்" என்றால், அதுவும் ஒரு நாள் சரியான வேளையில் சொல்லும்.

வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள். திருடரைத் தடுக்கும் கம்பி கிளியைத் தடுக்காது.

ஒரு சமையல் தராசை வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை ஒரே வேளையில் எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கிளி வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். எச்சத்தில் பச்சை அல்லது பழுப்பு மலம், வெண்மையான சுண்ணம், தெளிந்த நீர் என மூன்று பகுதிகள் இருக்கும். வெண்மை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரல் பாதிப்பை எண்ண வேண்டும். கிளிக் காய்ச்சல் எனப்படும் பாக்டீரிய நோய் மனிதருக்கும் தொற்றும். பறவை நோயுற்றிருக்கும்போது வீட்டில் ஒருவருக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை உங்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உரிய ஆண்டிபயாட்டிக்கால் குணமாகும்.

இந்தியாவுக்கு ஒரு மாதப் பயணம் என்றால், கிளியைப் பார்த்துக்கொள்ளப்போகும் அக்காவையோ பக்கத்து வீட்டு அத்தையையோ சில வாரம் முன்பிருந்தே தினமும் வரச்சொல்லி, அவர்கள் கையாலேயே உணவு கொடுக்கவிடுங்கள். எடைக் குறிப்பேடு, மருத்துவரின் எண், உணவு வேளை, அது அஞ்சும் பொருள்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கூண்டருகே ஒட்டுங்கள். நீண்ட ஆயுள் கொண்ட இனமானால், உங்களுக்குப் பின் அது யாரிடம் போகும் என்பதையும் அந்த உறவினரின் சம்மதத்தோடு உயிலிலேயே எழுதி, வளையத் தாளை அதனுடன் இணைத்து வையுங்கள்.