வாட்டைப் பார்த்து யூனிட்டைக் கோட்டைவிடுவது: எனர்ஜி மானிட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

வீடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்து போனில் காட்டும் எனர்ஜி மானிட்டர் மாட்டிய முதல் வாரம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் போகிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டு, அணைத்து, எண் ஏறுவதையும் இறங்குவதையும் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் வீட்டில் இருப்பவர்களை விரட்ட ஆரம்பிப்பார்கள். மூன்றாவது மாதம் அந்த ஆப் எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியிருக்கும். நானும் இந்த வழியாக வந்தவன்தான் என்பதால், தெரிந்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இது என்ன இவ்வளவு காட்டுது?" என்று கேட்கும்போது எங்கே தவறாகப் படித்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். வைஃபை எட்டாத இடத்தில் வைப்பது, ஆப்பை அப்டேட் செய்யாமல் விடுவது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. அதெல்லாம் கூடவே வரும் கையேட்டில் இருக்கிறது.

கிளாம்ப் சரியாக மூடாமல் இருப்பது

ஒயரைக் கவ்விக்கொண்டு கரண்டை அளக்கும் வளையம்தான் கிளாம்ப். அதை ஒற்றை ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டுப் பூஜ்யம் காட்டும். இந்தத் தவறு தானாகவே மாட்டிக்கொள்ளும், அதனால் ஆபத்தில்லை. மாட்டிக்கொள்ளாத தவறு வேறு. மெயின் ஸ்விட்ச் இருக்கிற டிபி பெட்டிக்குள் இடம் நெருக்கமாக இருக்கும். கிளாம்பின் இரண்டு தாடைகளும் முழுசாகச் சேராமல் ஒரு தாள் அளவு இடைவெளி இருந்துவிடும். அல்லது சேரும் முகத்தில் தூசு ஒட்டியிருக்கும். அப்போதும் எண் வரும், ஏறும், இறங்கும், பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். மூடும்போது 'டக்' என்று சத்தம் கேட்டதா என்று பாருங்கள்.

டிபி பெட்டியை நீங்களே திறப்பது

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை ஆஃப் செய்தாலும் மெயினுக்கு முன்னால் இருக்கிற ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், கிளாம்ப் மாட்டுவதும் பெரும்பாலும் அந்த ஒயரில்தான்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஃபேஸ் மாறிப்போவது

இது கொஞ்சம் நயவஞ்சகமான தவறு. நல்ல மானிட்டர்கள் கரண்டையும் வோல்டேஜையும் சேர்த்துத்தான் பவரைக் கணக்கிடும். கரண்டை ஒரு ஃபேஸிலும் வோல்டேஜை இன்னொரு ஃபேஸிலும் எடுக்கும்படி இணைத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே 120 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். பவர் கணக்கில் அந்தக் கோணத்தின் கோசைனும் பெருக்கலில் வரும்; 120 டிகிரியின் கோசைன் மைனஸ் 0.5. ஆகவே 2000 வாட் ஹீட்டர் போட்டால் மைனஸ் 1000 என்று காட்டும்.

மைனஸைப் பார்த்ததும் எல்லோரும் செய்வது ஒன்றே: கிளாம்ப் திரும்பியிருக்கிறது என்று நினைத்துக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். இப்போது பிளஸ் 1000 வரும். திருப்தியாகப் பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஃபேஸில் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவை எல்லாம் அன்றிலிருந்து பாதிதான் கணக்கில் ஏறும். மோட்டார் ஓடினால் இன்னும் குழப்பம், பாதி என்றுகூடச் சொல்ல முடியாத ஏதோ ஓர் எண் வரும். மைனஸ் வந்தால் திருப்புவதற்கு முன்னால், வாட் தெரிந்த ஒரு இஸ்திரிப் பெட்டியை அந்த ஃபேஸில் போட்டுப் பாருங்கள். எண் பாதியாக இருந்தால் திருப்ப வேண்டியது கிளாம்பை அல்ல, ஃபேஸை மாற்ற வேண்டும்.

வாட்டைப் பார்த்து முடிவெடுப்பது

இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல் வரவைக்கிற தவறு. காசைக் கொட்டவும் வைக்கிற தவறு.

தெரிந்த ஒருவர் மானிட்டர் மாட்டிய சில நாளில் ஒரு கிராஃப் அனுப்பினார். காலையில் 3000 வாட்டுக்கு ஒரு கோபுரம். "திருடனைப் பிடிச்சாச்சு" என்று கீழே எழுதியிருந்தார். திருடன் குளியலறையில் இருந்த 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர். நான் பதில் எழுதுவதற்குள் அதைக் கழற்றிவிட்டு அதே 15 லிட்டரில் 2000 வாட் ஹீட்டர் வாங்கி மாட்டிவிட்டார். கோபுரத்தின் உயரம் குறைந்தது. அவருக்கும் சந்தோஷம். அடுத்த பில்லில் யூனிட் அப்படியே இருந்தது. உடனே மானிட்டர் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

மானிட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய அரை யூனிட் வேண்டும் (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). இது தண்ணீரின் குணம், ஹீட்டரின் குணம் அல்ல. 3000 வாட் ஹீட்டர் அதைப் பத்தரை நிமிடத்தில் முடிக்கும், 2000 வாட் ஹீட்டர் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். பெரிய குழாயில் பிடித்தாலும் சின்னக் குழாயில் பிடித்தாலும் ஒரு வாளி ஒரு வாளிதான். நல்ல நிலையில் இருந்த ஹீட்டரைத் தூக்கிப் போட்டு அவர் வாங்கியது ஐந்து நிமிடக் காத்திருப்பை மட்டும்.

அவர் அனுப்பிய அதே கிராஃபில் உண்மையான செலவு இரண்டு இடத்தில் வெளிப்படையாகவே இருந்தது. முதலாவது, குளியலெல்லாம் முடிந்த பிறகும் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு மெல்லிய கோடு மேலே போய் வந்தது. ஹீட்டரை அணைப்பதே இல்லை. யாரும் தொடாத தண்ணீர் ஆற ஆறத் தெர்மோஸ்டாட் மறுபடி சூடேற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடும் 0.2 யூனிட் அளவு. நாள் முழுதும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது காலையில் இரண்டு முறை தண்ணீர் சூடேற்றுவதற்குச் சமம். புதுசு வாங்கியிருக்கவே வேண்டாம், ஸ்விட்சை அணைத்தாலே போதும்.

இரண்டாவது, கிராஃபின் அடிமட்டம். நள்ளிரவு தாண்டி எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஃபிரிட்ஜ் ஏறி இறங்குவது படிக்கட்டு மாதிரி தெரியும். அந்தப் படிக்கட்டுக்குக் கீழேயும் கோடு தரையைத் தொடவில்லை, 140 வாட்டில் நின்றது. 140 என்பது பார்க்க ஒன்றுமே இல்லாத எண். 3000 வாட் கோபுரத்துக்குப் பக்கத்தில் அது கண்ணிலேயே படாது. ஆனால் அது 24 மணி நேரமும் ஓடுகிறது: நாளுக்கு 3.36 யூனிட், மாதத்துக்கு 100 யூனிட். ஹீட்டரைவிட அதிகம்.

அன்று போனிலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லி எண் இறங்குவதைப் பார்த்தோம். தூங்கப் போகாத மேசைக் கம்ப்யூட்டர் 60 வாட். இரண்டு செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் அணைத்த பிறகும் ஆளுக்கு 15. கேமரா ரெக்கார்டர் 25. ரவுட்டர் 10. மிச்சம் 15, அலமாரிக்குப் பின்னால் எதற்கும் இணைக்கப்படாமல் சும்மா கிடந்த பழைய யுபிஎஸ். இதில் ரவுட்டரையும் ரெக்கார்டரையும் விட்டுவிடலாம். மற்றவையெல்லாம் பாதி நேரத்துக்கு மேல் அணைந்திருக்க வேண்டியவை.

கணக்கு எளிது. ஒரு வாட் வருஷம் முழுதும் ஓடினால் 8.76 யூனிட். எந்தக் கருவியைப் பார்த்தாலும் அதன் வாட்டோடு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2000 வாட் கெட்டில் ஐந்து நிமிடம் ஓடினால் 0.17 யூனிட். 10 வாட் ரவுட்டர் ஒரு நாளைக்கு 0.24. திரையில் பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த 'இப்போதைய வாட்' எண்ணை முடிந்தால் முகப்பிலிருந்தே எடுத்துவிட்டு அன்றைய யூனிட்டை வையுங்கள். இந்தக் கருவிகளைச் செய்பவர்கள் ஏன் வாட்டை முன்னால் வைக்கிறார்கள் என்றால், அது துள்ளும். யூனிட் துள்ளாது. வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பத்து நிமிடம் அளந்துவிட்டு 24ஆல் பெருக்குவது

மேலே சொன்னதன் தம்பி. ஒரு கருவியை மட்டும் தனியாக அளக்கும் பிளக் மீட்டரை ஃபிரிட்ஜுக்குச் சொருகி, கம்ப்ரெஸர் ஓடும்போது 130 வாட் பார்த்துவிட்டு நாளுக்கு 3 யூனிட் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கம்ப்ரெஸர் நின்றிருக்கும்போது பார்த்துவிட்டு 2 வாட் என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. இரண்டும் பொய். ஃபிராஸ்ட் ஃப்ரீ வகையாக இருந்தால் பனியைக் கரைக்கும் ஹீட்டர் வேறு இடையில் சில நூறு வாட்டுக்கு வந்து போகும். குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் ஒரு வாரம் விட்டு யூனிட்டைப் பாருங்கள். இன்வெர்ட்டர் ஏசியும் இப்படித்தான்: போட்டவுடன் 1500 காட்டும், அறை குளிர்ந்த பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு அடிக்கடி அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள், அந்த முதல் ஐந்து நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்.

கிளாம்ப் மட்டும் உள்ள மானிட்டரை அதிகம் நம்புவது

விலை மலிவான சில மானிட்டர்கள் வோல்டேஜை அளப்பதே இல்லை. 230 என்று வைத்துக்கொண்டு கரண்டோடு பெருக்கிவிடும். ஹீட்டருக்கு இது ஓரளவு சரியாக வரும். மோட்டாருக்கு வராது: 5 ஆம்பியர் எடுக்கும் பம்ப், இந்தக் கணக்கில் 1150. அதன் பவர் ஃபேக்டர், அதாவது வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவதில் உண்மையான பவரின் பங்கு, 0.7 என்றால் மீட்டர் ஏற்றுவது 805 வாட்டுக்குத்தான். சின்ன எலெக்ட்ரானிக் சாமான்களில் இந்த இடைவெளி இன்னும் மோசமாக இருக்கும், மானிட்டர் சொல்வதில் பாதிகூட உண்மையில் இருக்காது.

இன்னொன்று, 100 ஆம்பியர் கிளாம்பை வைத்து, அணைத்த பிறகும் கருவி எடுக்கும் 5 வாட் ஸ்டாண்ட்பையைத் தேடுவது. அது கிளாம்பின் அளவில் 0.02 சதவீதம். அங்கே வரும் எண் வெறும் இரைச்சல். அதற்குத் தனி பிளக் மீட்டர்தான் சரி.

கூரையில் சோலார் இருந்தால் இந்த வகை மானிட்டரே வேண்டாம். கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அதற்குத் தெரியாது, நீங்கள் ஏற்றுமதி செய்வதையும் செலவு என்று எழுதிவைக்கும்.

போன் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டே இருப்பது

போன் இல்லாமல் சொருகியிருக்கும் இன்றைய சார்ஜர் 0.1 வாட் அளவுக்கு எடுத்தால் வருஷத்துக்கு ஒரு யூனிட்கூட வராது. விடுங்கள்.

ஹீட்டரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி அளப்பது

10 ஆம்பியர் பிளக்கில் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். உருகும்.

ஆப் சொல்லும் கருவியின் பெயரை அப்படியே நம்புவது

மெயினில் ஒரே ஓர் இடத்தில் அளந்து, எந்தக் கருவி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் யோசனை புதிதல்ல. 1980களில் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் இதில் வேலை செய்தார், 1992ல் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டார். ஒரு கருவி போடும்போது பவர் எத்தனை வாட் எகிறுகிறது, அணைக்கும்போது எத்தனை இறங்குகிறது என்ற படிகளை வைத்து அடையாளம் காண்பதுதான் அடிப்படை. பழைய ஃபிரிட்ஜ், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி இவற்றுக்குப் படி தெளிவாக இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி படியே ஏறாமல் வழுக்கிக்கொண்டு மேலே கீழே போகும். ஆப் திணறும், ஆனாலும் எதையாவது சொல்லிவைக்கும். 'மற்றவை' என்ற வட்டம் பெரிதாக இருந்தால் அதை நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து அழகாகப் பிரித்துக் காட்டினால்தான் சந்தேகம்.

வீட்டில் போலீஸ் வேலை பார்ப்பது

ஆக்ஸ்போர்டில் சாரா டார்பி 2006ல் தொகுத்த ஆய்வில், உபயோகத்தை உடனுக்குடன் கண்ணால் பார்க்கிற வீடுகளில் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமானதாக வருகிறது. பார்ப்பது வீட்டில் எல்லோரும் என்றால்தான் இது நடக்கும் என்பது என் எண்ணம். ஒருவர் போனில் மட்டும் ஆப் இருந்து, அவர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு "ஏசி ஏன் ஓடுது?" என்று கேட்டால், கொஞ்ச நாளில் வைஃபை பாஸ்வேர்டு மாறியிருக்கும். பொதுவான இடத்தில் ஒரு சின்னத் திரையை வையுங்கள். யாரையும் கேள்வி கேட்காதீர்கள்.

இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுவது

வெயில் ஏறியிருக்கும், விருந்தாளி வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும். மொத்த யூனிட் எதையும் சொல்லாது. நீங்கள் செய்த மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க இரவின் அடிமட்டக் கோட்டை மட்டும் ஒப்பிடுங்கள். அதுவும் ஏசி ஓடாத இரவாகப் பார்த்து.

மீட்டரோடு ஒத்துப்பார்க்காமல் விடுவது

பில் போடுவது மானிட்டர் இல்லை, மீட்டர். ஒரு வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு மானிட்டரின் கணக்கோடு ஒப்பிடுங்கள். அவசரமாகத் தெரிய வேண்டும் என்றால் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்து, 10 சிமிட்டலுக்கு 9 விநாடி ஆனால் அப்போது வீடு எடுப்பது 1250 வாட். சிமிட்டல்களை எண்ணும்போது முதல் சிமிட்டலைப் பூஜ்யம் என்று தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்று கூடிவிடும். அதே நேரத்தில் மானிட்டர் என்ன காட்டுகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று சதவீதம் வித்தியாசம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பத்துக்கு மேல் என்றால் முதலில் கிளாம்பின் வாய், அப்புறம் ஃபேஸ், கடைசியாக செட்டிங்கில் எந்த அளவுக் கிளாம்ப் என்று கொடுத்திருக்கிறீர்கள் என்பது. மூன்றும் சரியாக இருந்தும் மானிட்டர் குறைவாகவே காட்டினால், பெரும்பாலும் கிளாம்புக்கு முன்னாலேயே எங்கேயோ ஒரு ஒயர் தனியாகப் பிரிந்து போகிறது என்று அர்த்தம். மாடி, மோட்டார் ரூம், வெளி விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எதற்கு மானிட்டர் அசையவில்லை என்று பாருங்கள்.