குழந்தைக்கு பேர்ஃபுட் ஷூவா, சாதாரண ஷூவா? முதலில் பாதத்தை அளந்து பாருங்கள்

பெட்டியின் மேல் ‘பேர்ஃபுட்’ (வெறுங்காலில் நடப்பது போன்ற உணர்வைத் தரும் மெல்லிய சோல் ஷூ) என்று அச்சடித்திருந்தாலும் ஷூவின் முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் அது விரல்களை நெருக்கத்தான் செய்யும். சாதாரண ஷூவே ஆனாலும் நீளமும் அகலமும் சரியாக இருந்து, சோல் வளைந்து கொடுத்தால் பாதத்துக்குக் கெடுதல் இல்லை. அதனால் எந்த வகை என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதலில் அளவு.

குழந்தை சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். சின்ன வயதில் பாத எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் மென்மையான குருத்தெலும்புதான். இறுக்கமான ஷூவுக்குள் விரல்கள் வலிக்காமலே மடங்கி ஒடுங்கிக்கொள்ளும், குழந்தையும் சிரித்துக்கொண்டே ஓடும்.

மாலையில் அளவெடுங்கள், அப்போது பாதம் சற்றே வீங்கியிருக்கும். தரையில் தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி குழந்தையை நிற்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் எடுத்தால் பாதம் விரியாது, அளவு குறைந்துவிடும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையுங்கள். உள்பக்கமாகச் சாய்ந்தால் கோடு பாதத்துக்கு அடியில் போய்ச் சில மி.மீ. தொலைந்துவிடும். எந்த விரல் நீளமோ அதுவரை அளக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். அகலத்தை, பெருவிரல் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரல் அடிமூட்டு வரை எடுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய கால் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தோடு 12 மி.மீ. சேருங்கள். நடக்கும்போது பாதம் முன்னே தள்ளுவதற்கு அதில் பாதி, வளர்ச்சிக்கு மீதி. 150 மி.மீ. பாதத்துக்கு ஷூவின் உள்நீளம் 162 மி.மீ. ஐரோப்பிய அளவில் ஒரு எண் என்பது 6.67 மி.மீ., ஆகவே கணக்குப்படி 24-க்கும் 25-க்கும் நடுவில் வரும். ஆனால் ஒரே எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக வெட்டுகிறார்கள். எண்ணை நம்பாமல், 162 மி.மீ. நீளமும் ஒரு செ.மீ. அகலமும் உள்ள அட்டைத் துண்டு ஒன்றை வெட்டி ஷூவுக்குள் விடுங்கள். குதிகாலிலிருந்து நுனிவரை வளையாமல் படுத்தால் நீளம் சரி. மேலே வளைந்து எழும்பினால் ஷூ குட்டை. முன்னும் பின்னும் தாராளமாக வழுக்கினால் பெரிது. பெரிய ஷூவில் குழந்தை தடுக்கி விழும், கழலாமல் இருக்க விரலால் சோலைப் பற்றிக்கொண்டே நடக்கும்.

நுனியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அழுத்தினால் குழந்தை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும், இடம் இருப்பதுபோலத் தெரியும். அகலத்துக்கு நல்ல சோதனை இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்விரிப்பு. அதைக் கழற்றித் தரையில் போட்டு, அதன் மேல் குழந்தையை நிறுத்துங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ ஓரத்தைத் தாண்டி வழிந்தால் எந்தப் பெயர் போட்ட ஷூவானாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி வகைக்கு வரலாம். பேர்ஃபுட் ஷூவில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும், விரல் பகுதி பாதத்தின் உருவிலேயே அகன்றிருக்கும், சோல் மெல்லியது, உள்ளங்கால் வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் மேடு கிடையாது. கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் லேசாக வளைய வேண்டும். மடக்க முழுப் பலமும் தேவைப்பட்டால் அது சின்னக் கால்களுக்கான பொருள் அல்ல. வளையாத ஷூ ஒரு குறை என்றால், தப்பான இடத்தில், அதாவது பாதத்தின் நடுவில் மட்டும் மடியும் ஷூ இன்னொரு குறை. மேசையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். பல சாதாரண ஷூக்களின் நுனி மேசையைத் தொடாமல் தூக்கி நிற்கும். அதை மாட்டினால் நிற்கும்போதும் விரல்கள் மேல்நோக்கியே இருக்கும்.

நடை பழகும் வயதில் வீட்டுக்குள் வெறுங்கால் போதும், வெளியே மெல்லிய பேர்ஃபுட் வகை. இதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பள்ளி வயதுக் குழந்தைக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் அதையே சொல்வோம். ஆனால் கூரான கற்கள் நிறைந்த மலைப்பாதை, கால்பந்து, கடும் குளிர் ஆகியவற்றுக்கு அதற்கென்று செய்த ஷூதான் வேண்டும்.

‘பாதம் தட்டையாக இருக்கிறதே, வளைவுக்கு முட்டு வேண்டாமா?’ என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. சின்னக் குழந்தைகளின் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருப்பதால் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. வளைவு பல ஆண்டுகளில் மெல்ல உருவாகும். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு எழுந்தால், வலியும் இல்லையென்றால், முட்டு தேவையில்லை. இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளிடம் நடத்தி 1992-இல் வெளியான ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. காலணி அணிந்தவர்களிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். ஒன்றை மறக்க வேண்டாம்: அது வெறுங்காலைப் பற்றிய கணக்கு, பேர்ஃபுட் ஷூவைப் பற்றியது அல்ல. எந்த ஷூ வாங்கினாலும் தினமும் சிறிது நேரம் வெறுங்காலோடு விடுங்கள்.

நுனிக்காலில் நின்றும் வளைவு வராத விறைத்த பாதம், ஒரு காலில் மட்டும் வலி, எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது, மருத்துவர் இன்சோல் எழுதிக் கொடுத்திருப்பது: இவை இருந்தால் ஷூவை மாற்றும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சுமார் 8 முதல் 14 வயதில், ஓடி விளையாடும் குழந்தைக்குக் குதிகால் பின்பக்கம் வலித்தால், அங்கே எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியை (வளர்ச்சித் தட்டு) குதிநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண், இழுப்பது காரணமாக இருக்கலாம். அந்த நாட்களில் தட்டையான சோல் இழுப்பைக் கூட்டும். வலி தீரும்வரை சற்றே உயர்ந்த குதி உள்ள ஷூ நல்லது.

வருடக்கணக்கில் தடித்த சோலுக்குப் பழகிய குழந்தையை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. கெண்டைக்கால் லேசாகக் கடுப்பது வழக்கம். மறுநாள் காலையிலும் வலித்தால் நேரத்தைக் குறையுங்கள்.

3 வயதுக்குள் 2 மாதத்துக்கு ஒருமுறையும், 6 வயது வரை 3, 4 மாதத்துக்கு ஒருமுறையும் அளவெடுங்கள். முன்னே 6 மி.மீ.-க்குக் கீழ் இடம் குறைந்தால் புது ஷூ வேண்டும். இறுகிய சாக்ஸும் விரலை நெருக்கும், அதையும் அப்போதே மாற்றுங்கள். அண்ணன் போட்ட ஷூ தம்பிக்கு ஆகுமா என்றால், இன்சோலில் பழைய விரல்குழிகள் ஆழமாகப் பதிந்திருந்தாலோ குதி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தாலோ வேண்டாம். புது ஷூ போட்ட முதல் நாள் மாலை சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் ஷூ அழுத்துகிறது.