பழைய பேஸ்பால் மட்டை ஏலம்: எங்கெல்லாம் ஏமாறுகிறார்கள்?

"பேப் ரூத் கையெழுத்து மட்டை, அபூர்வம், தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது." இபே என்ற இணைய ஏலத் தளத்தில் இப்படி ஒரு தலைப்பைப் பார்த்ததும் கை பரபரக்கும். நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் திறந்த 1923-இல், அமெரிக்க பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமான ரூத் அங்கே முதல் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்த மட்டை, 2004-இல் சதபீஸ் ஏலத்தில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்தச் செய்தி மனதில் இருப்பதால்தான் பரண் மட்டைக்கும் ஆள் ஏலம் கேட்கிறார்.

இந்த அறிவிப்புகளில் அப்பட்டமான பொய் குறைவு. ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு வகையில் உண்மையாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டதை வாங்குபவர் தன் ஆசையால் நிரப்பிக்கொள்கிறார். ஆகவே தலைப்பை ஒதுக்கிவிட்டு, மட்டையின் மேல் சுட்டுப் பொறித்திருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் இருந்தாலே கையெழுத்து என்று எண்ணுவது

லூயிவில் ஸ்லக்கர் மட்டைகளைச் செய்த ஹில்லெரிச் நிறுவனத்துடன் 1905-இல் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் ஒப்பந்தம் போட்டார். அன்றிலிருந்து ஆட்டக்காரரின் கையெழுத்தை உலோக அச்சாக வெட்டி, காய்ச்சி, மரத்தில் அழுத்தி வருகிறார்கள். கடையில் சிறுவர்களுக்கு விற்ற ஆயிரக்கணக்கான மட்டைகளிலும் அதே கையெழுத்துதான். எம்ஆர்எஃப் ஸ்டிக்கர் ஒட்டிய கிரிக்கெட் மட்டையைக் கடையில் வாங்கினால் அது சச்சின் ஆடிய மட்டை ஆகிவிடாது, இதுவும் அப்படித்தான். ரூத் 1935-இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் பெயர் போட்ட மட்டைகள் பல ஆண்டுகள் விற்றன. "ரூத் கையெழுத்து மாடல்" என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை. "மாடல்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். "காலத்து", "பாணி", "வகை" என்பவையும் இதே வேலையைச் செய்பவை.

பேனாவால் போட்ட கையெழுத்து என்று சொன்னால் முதலில் மையைப் பாருங்கள். ஷார்பி என்ற மார்க்கர் பேனா சந்தைக்கு வந்தது 1964-இல். பழைய நட்சத்திரங்களில் லூ கெரிக் 1941-லும், ரூத் 1948-லும், டை காப் 1961-லும் காலமாகிவிட்டார்கள். தடித்த, பளபளக்கும் கறுப்பு மார்க்கரில் இவர்களில் யார் பெயர் இருந்தாலும் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. அமெரிக்காவில் சிறுவர்கள் ஆடும் பேப் ரூத் லீக் என்ற அமைப்பு 1950-களிலிருந்து இருக்கிறது. அதற்கான மட்டைகளில் லீக்கின் பெயர் பொறித்திருக்கும். "லீக்" என்ற சொல் படச் சட்டத்துக்கு வெளியே போகும்படி படம் எடுத்து, ரூத் மட்டை என்று பட்டியலிடுவார்கள்.

குமிழைக் காட்டாத படத்துக்கு ஏலம் கேட்பது

பெரும்பாலான பணம் தொலைவது இங்கேதான். கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெரியாமலோ தெரிந்தோ பலர் படம் எடுக்காமல் விடுவதும் அதைத்தான்.

குமிழின் அடியில் 33, 34, 35 என்று வெறும் எண் இருந்தால் அது அங்குலக் கணக்கில் மட்டையின் நீளம். கடையில் வாடிக்கையாளர் அளவு பார்த்து எடுப்பதற்காகப் போட்டது. அதாவது அது கடை மட்டை. தொழில்முறை ஆட்டக்காரருக்கென்று கடைந்த மட்டையில், ஏறத்தாழ 1940-களின் நடுவிலிருந்து, எழுத்தும் எண்ணும் சேர்ந்த மாடல் குறி குமிழில் இருக்கும்: கே55, எம்110, எஸ்2 என்பது போல. முதல் எழுத்து, அந்த வடிவத்தை முதலில் கேட்டு வாங்கியவரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. எண் அந்த எழுத்தின் வரிசை. இன்னொருவர் வடிவத்தை யாரும் கேட்டு வாங்கலாம். மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் பெயர் பொறித்த மட்டையில் கே55 என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை, அவர் அந்த வடிவத்தில் ஆடியவர்தான். 1970-களின் நடுவில் இந்தக் குறி குமிழிலிருந்து பருத்த பகுதிக்கு இடம் மாறியது. அதற்குப் பிந்தைய மட்டையின் குமிழில் குறி இல்லை என்று அதை ஒதுக்கிவிடவும் கூடாது.

1930-களின் மட்டையில் குமிழ் வெறுமையாக இருக்கலாம். "எண் இல்லை, ஆகவே ஆட்டக்காரர் மட்டை" என்று விற்பவர் எழுதினால் அது வாதமே அல்ல. எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டாலும் குமிழ் வெறுமையாகத்தான் தெரியும். தேய்த்த குமிழின் விளிம்பு மழுங்கியிருக்கும், அடிப்பக்கத்து நிறம் மற்ற இடத்தைவிட வெளிறியிருக்கும்.

அடுத்து, மட்டையின் நடுவில் சுட்டுப் பொறித்த நிறுவன முத்திரைக்கு, அதாவது நடு முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள 125 என்ற எண். இது நிறுவனத்தின் மேல்தர வரிசை. ஆட்டக்காரர்களுக்குப் போனதும் இதில்தான். இதை வைத்தே "தொழில்முறை மட்டை" என்று தலைப்புப் போடுகிறார்கள். ஆனால் 125 கடைகளிலும் விற்றது. போதாததற்கு 125 எல்எல் என்று சிறுவர் லிட்டில் லீக்குக்கும் ஒரு வரிசை உண்டு. எல்எல் தெரியாதபடி வெட்டிய படத்தை இங்கேயும் பார்க்கலாம். 40 போன்ற மற்ற எண்கள் எல்லாம் கடைச் சரக்கு. இதில் குழப்பமே இல்லை.

காலத்தை விற்பவர் வாய்ச்சொல்லில் விடுவது

நடு முத்திரையே பெரும்பாலும் காலத்தைச் சொல்லிவிடும். ஹில்லெரிச் அண்ட் பிராட்ஸ்பி என்ற பெயர் நிறுவனத்துக்கு வந்தது 1916-இல். அதற்கு முன் ஜே.எஃப். ஹில்லெரிச் அண்ட் சன். பிராட்ஸ்பி பெயர் பொறித்த மட்டையை "1910, டை காப்" என்று போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிடலாம். "பவரைஸ்ட்" என்ற சொல் 1930-களின் தொடக்கத்தில்தான் மட்டையில் ஏறியது, ஆகவே அது இருக்கும் மட்டை 1920-களின் மட்டை அல்ல. முட்டை வடிவ முத்திரைக்குள் பிராட்ஸ்பி பெயருக்குப் பதிலாக லூயிவில் ஸ்லக்கர் என்று பெரிதாக இருந்தால் 1980-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ செய்தது.

வடிவமும் சாட்சி சொல்லும். நுனியில் கிண்ணம்போல் குடைந்த மட்டைக்கு அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் அனுமதி கொடுத்தது 1975-இல். அப்படி ஒன்றை 1950-களில் மேஜர் லீக்கில் ஆடிய மட்டை என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் தட்டையான மட்டையை விதிகள் அனுமதித்தது 1885 முதல் 1893 வரைதான். தட்டை மட்டை என்ற பெயரில் பிற்காலத்து மட்டையை இழைப்புளியால் சீவி விற்கிறார்கள். சீவிய பக்கம் மற்ற பக்கத்தைவிட வெளிறியிருக்கும், அல்லது கறை பூசிய சாயம் தெரியும். விட்டத்துக்கும் வரம்பு உண்டு: 1895-இல்தான் இரண்டரை அங்குலத்திலிருந்து இரண்டே முக்கால் ஆனது. விற்பவரிடம் விட்டம் கேட்டால் சரியாக அளக்க மாட்டார். தையல் டேப்பால் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கச் சொல்லுங்கள். சுற்றளவு 7.85 அங்குலம் என்றால் விட்டம் 2.5, 8.64 என்றால் 2.75.

மரத்தின் நிலையைப் படத்தில் பார்த்து முடிவு செய்வது

மட்டை உருண்டை, ஒரு படத்தில் பாதிதான் தெரியும். விரிசல் எப்போதும் அடுத்த பாதியில் இருக்கும். ஒரே இடத்தில் கிடத்தி, கால் சுற்றுக்கு ஒரு படமாக நான்கு படம் கேளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்தால் மயிரிழை விரிசல் மறைந்துவிடும். கைப்பிடியில் சுற்றிய பழைய டேப் அழகாக இருக்கும், ஆனால் அதன் அடியில் உடைந்து ஆணி அடித்துப் பசை போட்ட கைப்பிடி இருக்கலாம். டேப்பைப் பிரிக்கச் சொல்ல முடியாது. குமிழை இரு விரலால் தொங்கவிட்டு, பருத்த பகுதியை விரல் முட்டியால் தட்டிக் காட்டும் சிறு வீடியோ கேட்கலாம். முழு மரம் தெளிவாக ஒலிக்கும்; விரிசல் விட்டது அதிரும் அல்லது மந்தமாகக் கேட்கும்.

தேய்ந்த முத்திரையை மையால் கறுப்பாக்குவதும் சாதாரணம். சூட்டு முத்திரையில் பள்ளத்தின் அடி கருகியிருக்கும், ஓரம் கூர்மையாக நிற்கும். பேனா மை பட்டால், மட்டை செய்யும் ஆஷ் மரத்தின் ரேகை வழியே பக்கவாட்டில் கசிந்து முடி முடியாகத் தெரியும். நெருக்கமான படம் கிடைத்தால் பத்து மடங்கு லென்ஸ் கூடத் தேவையில்லை. மட்டை முழுக்க ஒரே சீரான பழுப்பு நிறம் என்றால் அது பூசிய நிறம். உண்மையில் பழகிய மட்டையில் கைப்பிடி அழுக்கேறிக் கறுத்தும், மற்ற இடங்கள் திட்டுத்திட்டாகவும் இருக்கும்.

நீளமும் எடையும் எண்ணாகவே கேட்க வேண்டும். "முழு அளவு" என்பது அளவு அல்ல. சமையலறைத் தராசில் கிராமில் சொன்னாலும் போதும், 28.35-ஆல் வகுத்தால் அவுன்ஸ். பழைய மரம் காய்ந்து ஓரளவு எடை இழந்திருக்கும், அதற்கு இடம் கொடுங்கள்.

சான்றிதழையும் ஏலத் தொகையையும் நம்புவது

விற்பவரே அச்சடித்த சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் விலைதான். 1990-களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ நடத்திய "ஆபரேஷன் புல்பென்" விசாரணையில் சிக்கிய போலிக் கையெழுத்துகளும் சான்றிதழோடுதான் விற்றன. மட்டைகளை ஆராய்ந்து சான்று தரும் நிறுவனத்தின் சான்று என்றால் அதன் எண்ணைக் கேட்டு, அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அங்குள்ள நீளம், எடை, மாடல் குறி மூன்றும் இந்த மட்டையோடு பொருந்த வேண்டும்.

இபேயில் ஏல வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொருவரும் இதே விற்பவரிடம் எத்தனை சதவீதம் ஏலம் கேட்டிருக்கிறார் என்று தெரியும். நூறு சதவீதமும் இவரிடமே கேட்டு, ஒன்றையும் வெல்லாத ஆள் விலையை ஏற்றிவிட வந்தவராக இருக்கலாம். எதற்கும் வரம்பை முன்பே முடிவு செய்யுங்கள். கேட்கும் விலையைப் பார்க்காமல், "விற்றவை" வடிகட்டியைப் போட்டு, அதே எண்ணும் அதே குமிழும் உள்ள மட்டை உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். ஏல நிறுவனத்தில் கேட்பதானால் வாங்குபவர் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்; 20 சதவீதம் சாதாரணம், 500 டாலர் ஏலம் 600 ஆகும்.

பேச்செல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடக்கட்டும், வெளியே பணம் கொடுத்தால் தளத்தின் உத்தரவாதம் கிடைக்காது. ஏலம் முடியும் முன் படங்களையும் விவரத்தையும் சேமித்து வையுங்கள். பார்சல் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, முதலில் குமிழையும், பிறகு நீளம், எடையையும் சரிபாருங்கள். அறிவிப்புக்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதுவரை மட்டையைத் துடைக்கவோ எண்ணெய் பூசவோ கூடாது, "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல அவருக்கு அது போதும்.