லொறியின் தானியங்கிக் கியர்பெட்டியில் ஒயில் அளப்பதும் மாற்றுவதும்

சீனன்குடாவில் மா மூடை ஏற்றி, கந்தளாய் வழியாக ஹபரணைப் பக்கம் போகும் கனரக லொறியொன்றில் தானியங்கிக் கியர்பெட்டி இருக்குமானால், அதைப் பராமரிப்பது பெரும்பாலும் அதன் ஒயிலைப் பராமரிப்பதே ஆகும். கையால் கியர் மாற்றும் பெட்டியில் ஒயிலின் முதல் வேலை பற்களின் தேய்மானத்தைக் குறைப்பது. இங்கோ எஞ்சினின் விசையைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஒயில்தான்.

எஞ்சினை ஒட்டியுள்ள டோர்க் கன்வேட்டரில், ஒரு பக்கத்துச் சிறகுகள் ஒயிலை வீச, எதிர்ப்பக்கத்துச் சிறகுகள் அந்த வீச்சில் சுழல்கின்றன. இடையிலுள்ள ஸ்டேற்றர், திரும்பிவரும் ஒயிலின் திசையை மாற்றி, பாரத்தோடு வண்டி கிளம்பும்போது முறுக்குவிசையைப் பெருக்குகிறது. வேகம் கூடியதும் லொக்கப் கிளட்ச் இரு பக்கங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதற்குப் பின்னாலுள்ள கோள்பற்சக்கரங்களில், அதாவது நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் தொகுதிகளில், எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதைக் கணினி தீர்மானிக்க, வால்வுகள் ஒயிலை அங்கே அனுப்புகின்றன. வொல்வோ லொறிகளின் ஐ-ஷிப்ட் கியர்பெட்டி இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு இம்முறை பொருந்தாது.

ஒயிலை அளக்க, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கால்பிரேக்கை மிதித்தபடி ட்ரைவிலும் ரிவர்ஸிலும் சிறிது நேரம் இட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பின் ஒயில் அளக்கும் குச்சியைத் துடைத்து இருமுறை பாருங்கள். அலிசன் நிறுவனத்தின் 3000, 4000 வகைக் கியர்பெட்டிகளில் ஒயில் 71 முதல் 93 பாகை செல்சியசில் இருக்கும்போது காட்டும் அளவே சரியானது. திருகோணமலை வெயிலில் நின்ற லொறியின் இரும்பு கையைச் சுட்டாலும், உள்ளேயுள்ள ஒயில் அந்தச் சூட்டை எட்டியிராது. வண்டியை ஓட்டித்தான் சூடாக்க வேண்டும். ஒயிலின் அளவு குறைந்தால், அதை அழுத்தத்தோடு அனுப்பும் பம்ப் காற்றை இழுத்துக் கிளட்ச் வழுக்கும். கூடினால் சுழலும் சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும், அப்போதும் அழுத்தம் விழும்.

ஒயில் மாற்றும்போது வடிகால் ஆணியின் காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வழமையானது. நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துண்டு அப்படியல்ல. ஒயில் பால்போல் வெளுத்திருந்தால், அதைக் குளிர்விக்கும் கூலரிலிருந்து தண்ணீர் கலந்திருக்கிறது, ஆகவே வண்டியை மேலும் ஓட்டக் கூடாது. அடியிலுள்ள இரு பில்டர்களையும் அவற்றின் ரப்பர் வளையங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கன்வேட்டரிலும் கூலரிலும் பழைய ஒயில் தங்கிவிடுவதால், பெட்டியின் முழுக் கொள்ளளவையும் ஊற்றினால் மிகுந்துவிடும். வடித்ததை அளந்து, அதிலும் சற்றுக் குறைவாக ஊற்றி, மேலே சொன்னபடி மீண்டும் பாருங்கள்.

எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அப்போது பின்சில்லுகள் உருண்டால், அவற்றைப் பெட்டியோடு இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாப்ட் பெட்டியின் உட்பகுதியை ஒயில் கிடைக்காமலே சுழற்றும். ஆகவே பழுதான லொறியைப் பின்சில்லுகள் தரையில் உருள இழுப்பதானால், ப்ரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிய பின்பே கயிறு கட்டுங்கள்.